எங்கள் தெருவுக்கு ஒதுக்கப்பட்ட டியூக்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னது பின்னது மாறிவிடும். அதனால் முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். சென்ற ஆனி மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு டியூக்கை ஒதுக்கியிருந்தார்கள்.

இங்கிலாந்துக்காரர். நல்ல உயரம், நீலக் கோட்டு. யாரைப் பார்த்தாலும் ஏதோ பழைய வருத்தம் இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தோம். குதிரையை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். பக்கத்துத் தெருவுக்கு ஒரு குதிரைகூடக் கிடைக்கவில்லை என்று அவர்களுக்கு மனக்குறை.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருவில் கல்யாணம் ஆகாத பெண்கள் அத்தனை பேரும், வயது என்னவானாலும், அவரோடு நடனமாட வேண்டும். இரண்டு நடனம் மரியாதை. மூன்றாவது ஆடினால் சம்மதம். சம்மதித்தவள் அன்றைக்கே வண்டியேறிப் போய், அவருடைய மாளிகையில் எண்பது ஜன்னல்களில் ஒன்றில் நின்று புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தையல் மிஷின் கொண்டுபோகக் கூடாது.

கல்யாணம் ஆகாத நானும் ரெஜினாவும் பாளையங்கோட்டையில் இந்தத் தெருவில் பத்தொன்பது வருடமாக ஒரே கடையில் இரண்டு மிஷின் போட்டுத் தைக்கிறோம். அவள் வெட்டுவாள், நான் பொத்தானுக்குக் காஜா எடுப்பேன். அவள் போய்விட்டால் எனக்கு வெட்டத் தெரியாது. மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் தெரியாது.

இரண்டு நடனம் ஆடிவிட்டு ரெஜினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி ஆவுடை, அந்தாளு தோள்பட்டையில தையல் பிரிஞ்சு கெடக்குட்டி."

"பிரிஞ்சா பிரியட்டும். நீ பேசாம இரு."

"எவ தச்சாளோ. இதெல்லாம் ஒரு தையலா?"

ஊசி நூலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு தையல்கூடப் போட்டிருக்க மாட்டாள், பேண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. டியூக் திரும்பினார். நூல் இன்னும் அறுபடவில்லை. அவளும் கூடவே திரும்பினாள். ஒதுக்கீட்டு அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மாள் "மூன்று" என்று உரக்கச் சொன்னாள். பாட்டு முடிந்துவிட்டால் சம்மதம் என்றாகிவிடும். வாசலில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நுழைந்து, குனிந்து கை தட்டினேன்.

"என்னட்டி செய்யுத?"

"தட்டுட்டி மூதேவி! தட்டு!"

தட்டினாள். டியூக்கும் குனிந்து தட்டினார். உட்கார்ந்திருந்த பெண்களும் எழுந்து வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். மேற்பார்வை அம்மாள் எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"இது கும்மி," என்றாள்.

கும்மி நடனத்தில் சேராது. வண்டிக் கதவைச் சாத்தினார்கள். ரெஜினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். டியூக் தோளை அசைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கும்மா," என்றார். சாயங்காலமே தனியாகக் கிளம்பிவிட்டார்.

ஆனால் அடுத்த ஆனிக்கும் ஒருவர் வருவார் அல்லவா? நான் ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குப் போய், எங்கள் தெருவுக்கு டியூக்குக்குப் பதிலாகக் கடல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கடலைத் தாண்டி வண்டி வராது.

வியாழக்கிழமை காலையில் கடலைக் கொண்டுவந்து விட்டார்கள். அலை எங்கள் கடையின் கீழ்ப்படி வரைக்கும்தான் வருகிறது. ரெஜினா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்லையேட்டி," என்றாள்.

உப்பு அடுத்த மாதம்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.