ஒரு தோல்வி குறைகிறது

பட்டியலக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூடைப்பந்து லீக் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் பேசினாள். லீக் தொடங்கிய நாளிலிருந்து நடந்த எல்லாப் பருவங்களின் புள்ளிப் பட்டியல்களையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம்.

"மேடம், பழைய பட்டியலெல்லாம் நீங்க போட்டதுன்னு சொன்னாங்க. ஒரு எழுத்து பிசகல, கையெடுத்துக் கும்பிடணும். ஒரே ஒரு சீசன்லதான் இடிக்குது."

"எந்த சீசன்?"

அந்தப் பெண் வருஷத்தைச் சொன்னாள். பட்டியலக்கா கையிலிருந்த ஈரத் துணியைத் திரும்ப வாளியில் போட்டாள்.

"பதினாறு டீம், ஆளுக்கு முப்பது மேட்ச். வெற்றியெல்லாம் கூட்டினா எரநூத்தி நாப்பது வருது. தோல்வி எரநூத்தி முப்பத்தொம்பதுதான் வருது. ஒருத்தர் ஜெயிச்சா ஒருத்தர் தோத்துத்தானே ஆகணும்? கொக்கு டீமுக்கு மட்டும் பத்தொம்பது வெற்றி, பத்துத் தோல்வின்னு இருக்கு. ஒரு தோல்வி குறையுது. அச்சுப்பிழையா மேடம்?"

"அச்சுப்பிழை இல்லம்மா. நான்தான் போடல."

நாளைக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லிப் பட்டியலக்கா போனை வைத்தாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலை. ஆட்ட நாட்களில் ஒவ்வொரு அரங்கிலிருந்தும் போனில் முடிவு வரும். குறித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் பட்டியலைத் திருத்தித் தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும். தலைவரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் அவள் பட்டியலக்காதான். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்க முடியும்.

அவளுடைய தம்பி கொக்கு அணியில் ஆடினான். அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். ஆறடி ஏழங்குலம் வளர்ந்திருந்ததால் ஊரே அவனை ஏணி என்று கூப்பிட்டது. சட்டை எண் பதினான்கு. வீட்டில் பல்பு மாற்ற யாரும் நாற்காலி போட்டதில்லை. கொக்கு அணி பல வருஷம் பட்டியலின் அடியிலேயே கிடந்த அணி. "கொக்குக்கு ஒன்றே மதின்னு சொல்றாங்க, எங்க டீமுக்கு அதுவும் கெடையாதுக்கா" என்று ஏணியே சொல்லிச் சிரிப்பான். புதுக் கோச் வந்த பிறகுதான் அணி தலை தூக்கியது. அந்தப் பருவத்தில் இருபத்தேழு ஆட்டம் முடிந்தபோது மூன்றாவது இடத்தில் இருந்தது.

இருபத்தெட்டாவது ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆந்தை அணியோடு. காலையில் ஏணி போன் செய்தான்.

"அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கு. கோச்கிட்ட சொல்லட்டுமா?"

அவளுக்கு எதிரே மேஜையில் பட்டியல் கிடந்தது. கண் அதில் இருந்தது.

"வாயுப் பிடிப்பா இருக்கும்டா. வெந்நீர் குடி. கோச்கிட்ட சொன்னா ஒன்ன பெஞ்சுல உக்கார வச்சிருவாரு. இன்னைக்கு ஜெயிச்சா ரெண்டாவது எடம், தெரியுமா?"

"அப்படியா? அப்ப சொல்லல." சிரித்தான். "ரெண்டாவது எடத்துல எங்க பேரை இப்பவே டைப் அடிச்சு வையிக்கா."

சாயங்காலம் நாலரைக்கு அரங்கிலிருந்து போன் வந்தது. பேசியவன் புது ஆள், அவளை யாரென்று அறியாதவன்.

"மேட்ச் பாதியில நின்னுடுச்சுங்க. மூணாவது குவார்ட்டர். அம்பத்தெட்டு, அம்பத்தொண்ணு. கொக்கு டீம் லீடிங்."

எழுதிக்கொண்டாள். "ஏன் நின்னுச்சு?"

"ஒரு பிளேயர் விழுந்துட்டாரு. எழுந்திரிக்கல."

"எத்தனாம் நம்பர்?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "பதினாலுங்க."

அதையும் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் அது யாருடைய எண் என்பது அவளுக்கு உறைத்தது.

ஏணியின் இதயம் பிறவியிலேயே வீங்கியிருந்ததாம். காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் முதல் பாதியைத் தவிர வேறெதுவும் அவள் காதில் விழவில்லை.

சாவு வீட்டில் அம்மா கேட்டாள்: "முடியாத புள்ளைய யாரு ஆட அனுப்பினது?" கூட்டத்தில் யாரோ கோச் என்றார்கள். கோச் வாசலில்தான் நின்றிருந்தார். அம்மா எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து, "ஒன் வெற்றிக்கு எம் புள்ளைதான் கெடச்சானா?" என்று கேட்டாள். அவர் தலை குனிந்தபடி நின்றார். பட்டியலக்கா பக்கத்திலேயே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அம்மா சொன்னது பத்திரிகையில் வந்தது. அடுத்த வருஷம் கொக்கு அணியைக் கலைத்துவிட்டார்கள். கோச்சை வேறு எந்த அணியும் எடுக்கவில்லை.

ஆட்டத்தைத் தொடர வராத அணி தோற்றதாகக் கொள்ளப்படும் என்பது லீக்கின் விதி. இரண்டு வாரம் கழித்து ஆந்தை அணிக்கு வெற்றி என்று கடிதம் அவள் மேஜைக்கு வந்தது. ஆந்தைக்கு ஒரு வெற்றியைக் கூட்டினாள். கொக்குக்கு நேராக வந்ததும் விரல் ஓடவில்லை. ஏழு புள்ளி முன்னால் நின்றபடி செத்தவனுக்குத் தோல்வி போட அவளால் முடியவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் அந்த அணிக்கு நான்காவது இடம்தான். அந்த வருஷம் கூட்டிப் பார்க்கிற மனநிலையில் யாரும் இல்லை.

இதில் காலை போன் பேச்சை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் போன் வந்த மறுநாள் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திருத்தணும்னா அந்த டீம் ஆள் ஒருத்தர் கையெழுத்து வேணும் மேடம். கோச் இருக்காராம், நகர நீச்சல் குளத்துல டிக்கெட் குடுக்குறாராம். நான் தபால்ல அனுப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நானே போறேன்."

நீச்சல் குளத்தின் வாசலில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்குப் பின்னால் கோச் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஏணியோட அக்காதானே. உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத."

உள்ளே ஒரே ஒரு ஸ்டூல்தான். அவளை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டார். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். முகம் மாறியது.

"அந்தத் தோல்வி பட்டியல்ல இல்லையா? பதினாறு வருஷமாவா?"

"ஒங்க டீமுக்குப் போட மனசு வரல சார். முன்னால இருந்தீங்க. நீங்க தோக்கல."

"நாங்க தோத்தோம்மா." குரல் உயரவில்லை. "ரெஃபரி மூணு தடவ உள்ள வந்து கேட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து அப்பத்தான் சேதி வந்திருந்துச்சு. ஆடலன்னா தோல்வி, ரெண்டாவது எடம் போயிடும்னாரு. எங்க பயலுக ஒருத்தன்கூட எழுந்திரிக்கல. ஷூவக் கழட்டி நடுவுல குவிச்சுட்டானுக. பதினோரு பேரும் வெறுங்காலோட பஸ் ஏறினாங்க. அந்த வருஷம் நாங்க மனசறிஞ்சு செஞ்சது அது ஒண்ணுதான். அதப் போய் அழிச்சிட்டியேம்மா."

அவர்களைக் காப்பாற்றியதாகத்தான் பட்டியலக்கா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

ஜன்னலில் ஒருவர் இரண்டு குழந்தைகளோடு வந்து நின்றார். கோச் மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்து, சின்னவனைப் பெரிய குளத்துப் பக்கம் விடாதீங்க என்றார். அவர் திரும்பியதும் அவள் சொல்லிவிட்டாள்.

"சார், அன்னைக்குக் காலையில அவன் எனக்குப் போன் பண்ணினான். நெஞ்சு பிடிக்குதுன்னான். ஒங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டான். நான்தான் சொல்லாதேன்னேன். ரெண்டாவது எடம் கெடைக்கும்னு சொன்னேன்."

கோச் டிக்கெட் புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா உக்கார வச்சிருப்பேனே."

"தெரியும் சார். அதனாலதான் சொல்ல வேண்டாம்னேன்."

குளத்தில் யாரோ குதிக்கிற சத்தமும் விசில் சத்தமும் கேட்டன.

"அவன் வார்ம்-அப்ல கொஞ்சம் மெதுவா ஓடினான்," என்றார் கோச். "நான் பாத்தேன். என்னடான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல சார்னான். ஏன் இன்னொரு வாட்டி கேக்கலன்னு தெனம் யோசிக்கிறேன். பல்லு வெளக்கும்போதுகூட." பிறகு கேட்டார்: "ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல சார். அவங்க போய் நாலு வருஷமாச்சு."

"அப்ப கடைசிவரைக்கும் என்னத்தான் நெனச்சாங்க."

"ஆமா சார்."

அவர் தாளை ஜன்னல் பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளை மடிக்காமல் நீட்டினார். அவள் அவர் காலைத் தொடக் குனிந்தாள். கோச் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம்மா. போயிட்டு வான்னு சொல்லவும் வாய் வரல. இப்பப் போ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

அலுவலகத்தில் அந்தப் பெண் பத்தைப் பதினொன்றாக்கினாள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன போடட்டும் என்று கேட்டாள். பட்டியலக்கா நின்றபடியே சொன்னாள். அந்தப் பெண் தட்டினாள்:

"மூன்றாம் கால்பகுதியில் கொக்கு அணி முன்னிலையில் இருந்தபோது பதினான்காம் எண் ஆட்டக்காரர் மயங்கி விழுந்து இறந்தார். அதன் பிறகு அணி ஆட மறுத்துத் தோல்வியை ஏற்றது. அவருடைய நெஞ்சுவலி பயிற்சியாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிந்திருந்தவர் இந்தப் பட்டியலைத் தயாரித்த அவருடைய அக்கா மட்டுமே."

அந்தப் பெண்ணின் கை கடைசி வரியில் நின்றது. "மேடம், இது வேணுமா? ஊரே படிக்கும்."

"கோச்சப் பத்தி எழுதினதையும் ஊரே படிச்சிச்சும்மா. போடு."

அடுத்த வாரம் லீக்கின் இணையதளத்தில் அந்தப் பக்கம் வெளியானது. கொக்கு அணியின் பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் அவளைப் போனில் கூப்பிட்டார்கள். ஒருவன் எதுவுமே பேச முடியாமல் அழுதான். இன்னொருவன், "இத்தனை வருஷமா அந்த மனுஷன வேகவிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான். அவன் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

கோச் கூப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்து நீச்சல் குளம் இருக்கிற தெருவழியாகப் பஸ்ஸில் போனபோது அவள் எட்டிப் பார்த்தாள். ஜன்னலில் வரிசை நின்றது. கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கை டிக்கெட்டை நீட்டுவது மட்டும் தெரிந்தது. இறங்க எழுந்தவள், அடுத்த நிறுத்தம்வரை பஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, இறங்காமல் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.