பூவம்மாவின் பத்தொன்பது விநாடி

மாயாவுக்கு இருபத்தாறு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அம்மா பூவம்மாவோடு இருந்தாள். ஆங்கில இலக்கியம் படித்தவள். ஓர் இணைய நிறுவனத்தின் வழியாக, ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தாள். அவளுடைய மாணவர்கள் வலென்சியாவிலும் மலாகாவிலும் காலைக் காப்பி குடிக்கிற நேரம் இங்கே மதியம். ஒரே அறை வீடு. மூலையில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைப்பாள். பின்னால் சமையல் மேடை தெரியாமலிருக்கக் கொடியில் ஒரு நீலப் போர்வையைத் தொங்கவிடுவாள். அந்த வியாழக்கிழமை போர்வையைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தாள்; வாசல்வரை கேமராவில் தெரிந்தது.

இனேஸ் அவளுடைய பழைய மாணவி. வலென்சியாக்காரி. பாட்டுக்காரர்களுக்கு விளம்பர வேலை பார்க்கும் லண்டன் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு நேர்காணல் இருந்தது. "பிரபலங்களைப் பற்றிப் பேசும் உயர்ந்த ஆங்கிலச் சொற்கள் வேண்டும். பள்ளிக்கூடச் சொற்கள் போதாது" என்று கேட்டிருந்தாள். மாயா இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தாள். வீட்டுக்கு வீடு தெரிந்த பெயருக்கு ஹவுஸ்ஹோல்ட் நேம். ஒரே இரவில் பேர் வாங்கியவருக்கு ஓவர்நைட் சென்சேஷன். காலம் போன நட்சத்திரத்துக்கு ஹேஸ்பீன்.

"இதில் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்" என்றாள் மாயா. "உங்கள் மொழியில் நொத்தோரியோ என்றால் எல்லோருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். ஆங்கில நொட்டோரியஸ் அப்படியில்லை. கெட்ட பேரோடு தெரியவந்த ஆளுக்குத்தான் அது. அந்த நிறுவனத்தின் பாடகி ஒருவரை அப்படிச் சொன்னால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும்."

இனேஸ் சிரித்தாள். திரும்பப் படிப்பதற்காக அவள் வகுப்பைப் பதிவு செய்வது வழக்கம். மாயாவிடம் கேட்டுத்தான் செய்வாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. பூவம்மா உள்ளே வந்தாள். கொடுங்கையூரில் குப்பை தரம் பிரிக்கும் வேலை முடிந்து வந்து, நேராகத் தண்ணி லாரிக்கு ஓடியவள். கையில் பச்சைக் குடம், பாதிதான் நிறைந்திருந்தது. வாசலில் நின்றபடியே தாழ்வாரத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"தே அஜீசா! நாலு நாளா தண்ணி இல்லாம கெடக்கோம், பூந்துகினு வர்றியா நீ? குடம் என்னுது, லைன் என்னுது, ஒத மட்டுந்தான்டி உன்னுது!"

குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் அவள் தலையிலேயே கொட்டியது.

தாழ்வாரத்திலிருந்து எதிர்வீட்டு அஜீசாவின் குரல் கேட்டது. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போக்கா, போயி தல தொவட்டு மொதல்ல!"

பூவம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகுதான் லேப்டாப்பைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு சமையல் மேடைப் பக்கம் ஒதுங்கினாள்.

மொத்தம் பத்தொன்பது விநாடி.

இனேஸுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்த அம்மாளின் வேகம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்று மாலையே, "என் டீச்சரின் அம்மா, இவர் மாதிரி ஆக வேண்டும் எனக்கு" என்று எழுதி பதிவிலிருந்து அந்தத் துண்டை வெட்டித் தன் சமூக வலைப் பக்கத்தில் போட்டாள். மாயாவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. கோபம் வந்தது. ஆனால் கீழே வரிசையாக இதயப் படங்கள். மெக்சிகோவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் பெண்கள் குடத்தைத் தூக்கி நடித்துப் போட்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அது தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. இங்கே பேச்சும் புரிந்தது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஒரு பெண் பூவம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்தாள். டீக்கடையில் செல்ஃபி எடுத்தார்கள். அஜீசா தினமும் வந்து கேலி செய்தாள்.

"இன்னாக்கா, பெரிய ஆளாயிட்ட. ஒத வாங்குனவ நானு. எனுக்கு யாராவது ஒரு மால போட்டானா?"

"உனுக்கு மால வேற கேக்குதா? குந்து, டீ துன்னுட்டு போ."

"டீய துன்ன மாட்டாங்கக்கா, குடிப்பாங்க. உம்பொண்ணு டீச்சரு, நீ இப்டி பேசற."

இருவருக்கும் பதினாறு வருடப் பழக்கம். அஜீசாவின் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தவள் பூவம்மா. வாரம் ஒருமுறையாவது தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள். சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை மாயா இன்னொரு வீடியோவைப் பார்த்தாள். அதே துண்டுதான். ஆனால் பதினைந்து விநாடி. அஜீசாவின் சிரிப்பும் அம்மாவின் சிரிப்பும் வெட்டப்பட்டிருந்தன. அஜீசா என்ற பெயரைச் சிவப்பில் எழுதி, 'தண்ணீர் வரிசையிலும் இவர்களுக்குத்தான் முன்னுரிமையா? தட்டிக்கேட்ட தாய்!' என்று போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று தெரியவில்லை. பெயருக்குப் பதில் ஒரு பூப்படம் மட்டும் இருந்தது. மதியத்துக்குள் அது இனேஸ் போட்டதைவிடப் பத்து மடங்கு பேரிடம் போயிருந்தது. கீழே எழுதியிருந்ததை மாயாவால் இரண்டு நிமிடத்துக்குமேல் படிக்க முடியவில்லை.

மாயா புகார் கொடுத்தாள். 'எங்கள் விதிமுறைகளை இது மீறவில்லை' என்று நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. இணையக் குற்றப் பிரிவில் பதிவு செய்தாள். ஒரு புகார் எண் கிடைத்தது. இனேஸிடம் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். தன் பக்கத்தில் இருந்ததையும் வகுப்புப் பதிவையும் உடனே அழித்தாள். அதனால் நடந்தது ஒன்றுதான்: சிரிப்போடு இருந்த முழு வீடியோ இல்லாமல் போனது. வெட்டிய பிரதிகள் மட்டும் சுற்றின.

புதன்கிழமை ஒரு யூடியூப் சேனல்காரன் கேமராவோடு மாடியேறி வந்தான். பேசவேண்டாம் என்று மாயா தடுத்தாள்.

"இர்றீ. நாமளே சொல்லிட்டா முட்ஞ்சி போச்சில்ல?" என்றாள் பூவம்மா. புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவங்களால உங்களுக்கு எவ்வளவு நாளா பிரச்சினைம்மா?" என்று கேட்டான்.

பூவம்மாவுக்குக் கேள்வி புரியச் சற்று நேரமாயிற்று. "யாரால? அஜீசாவாலயா? ஒரு பிரச்சனையும் இல்ல நைனா. எங்கூடப் பொறந்தவ மாதிரி அவ. லாரி வாரத்துக்கு ஒரு தபா வருது, அதான் பிரச்சன. அத்த எழுது நீ."

"அந்த டயலாக்கை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"அத்த எதுக்கு சொல்றது இப்போ? அன்னிக்கி கோவத்துல சொன்னேன்."

சாயங்காலம் அது வெளியானது. லாரியும் இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை. கேள்விக்குப் பிறகு பூவம்மா பேசாமல் விழித்த அந்த நான்கைந்து விநாடியை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, 'பேசவே பயப்படும் பூவம்மா, மிரட்டியது யார்?' என்று தலைப்பு வைத்திருந்தார்கள்.

மறுநாள் வகுப்பில் இனேஸ் வீட்டுப்பாடத்தைத் திரையில் காட்டினாள். முந்தைய வாரமே எழுதி வைத்திருந்தாளாம். புதிய சொற்களை வைத்து எட்டு வாக்கியங்கள். ஐந்தாவது வாக்கியம்: 'என் டீச்சரின் அம்மா இப்போது நொட்டோரியஸ் ஆகிவிட்டார்.' பாராட்டாகத்தான் எழுதியிருந்தாள். அவ்வளவு சொல்லியும் அதே தவறு. திருத்துவதற்காக மாயா கர்சரைக் கொண்டுபோனாள். அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். திருத்தாமலே ஆறாவது வாக்கியத்துக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அஜீசாவின் மகள் டியூஷனிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். அங்கே யாரோ அவளைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள். அஜீசாவின் வீட்டுக்காரர் ஷாகுல் ஹமீது ராயபுரத்தில் இரும்புக் கடையில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசாதவர். அவருடைய செல்போன் நம்பரை யாரோ கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் அவர் போனை அணைத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாத நான்கு பேர் கீழே வந்து நின்று, எந்த வீடு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றும் செய்யவில்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

அன்று பூவம்மா மகளிடம் வந்து, "எத்து உன் போன. நானே பேசறேன்" என்றாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்க்காமல் மாயாவைப் பார்த்தே பேசினாள். "அஜீசா என் தோஸ்து. நாங்க அட்ச்சிக்குவோம், சேந்துக்குவோம். உங்களுக்கு இன்னா அதுல? அவ வூட்டுப்பக்கம் வந்து பேஜார் பண்ணாதீங்க. நான்தானே கத்துனேன், என்னாண்ட வாங்க. கை எடுத்துக் கும்புடறேன்."

மாயா அதைப் பதிவேற்றினாள். நான்கு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். மூன்று பேர் எழுதினார்கள். அதில் ஒருவர் பழைய டயலாக்கைக் கேட்டிருந்தார்.

"அத்தினி பேரு பாத்தானுங்களே அத்த, இத்த ஏன்டி பாக்கல?" என்று கேட்டாள் பூவம்மா.

மாயாவுக்குப் புகழைப் பற்றி அறுபது ஆங்கிலச் சொற்கள் தெரியும். போனை வாங்கிச் சார்ஜில் போட்டாள்.

அடுத்த வாரம் ஷாகுல் ஹமீதின் தம்பி ஒரு டாடா ஏஸ் கொண்டுவந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டுக்குமேல் ஓர் அறை காலியாக இருந்தது. பூவம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. பீரோவின் ஒரு பக்கத்தை ஷாகுல் ஹமீதும் மறுபக்கத்தை அவளும் பிடித்து மாடியிறக்கினார்கள். அஜீசா வண்டியில் ஏறும்போது பூவம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உம்மேல ஒன்னும் இல்லக்கா. அல்லாமேல சத்தியமா ஒன்னும் இல்ல."

"எனுக்குத் தெரியும்மே" என்றாள் பூவம்மா.

ஒரு மாதத்தில் ஊர் வேறு ஏதோ வீடியோவுக்குப் போய்விட்டது. யாரும் மாடியேறி வரவில்லை. இனேஸுக்கு அந்த வேலை கிடைத்தது. நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். எதிர்வீட்டில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வந்தது.

ஒரு ஞாயிறு மாலை பூவம்மா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, மாயாவையும் கூட்டிக்கொண்டு, பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். அஜீசா கட்டிக்கொண்டாள். டீ போட்டாள். மகளுடைய பரீட்சை, முழங்கால் வலி, புது இடத்து வாடகை என்று பேசினார்கள். ஷாகுல் ஹமீது எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவையும் சாத்தினார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. "இங்க இன்னும் யாருக்கும் எங்கள அடையாளம் தெரியல. உங்க மொகம் எல்லாருக்கும் தெரியும். நீங்க வந்துபோறத எவனாச்சும் படம் புடிச்சிட்டா..."

"புரியுது தம்பி" என்றாள் பூவம்மா.

அஜீசா தலையைக் குனிந்துகொண்டாள்.

டீயை முடித்துவிட்டு எழுந்தார்கள். படியிறங்கும்போது பூவம்மா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு, கன்னத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டாள். கூட வராமல் பத்தடி பின்னால் வரும்படி மாயாவுக்குச் சைகை காட்டினாள். சந்து முழுக்கக் கூட்டம். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மாயா வந்து சேர்ந்தபோது அம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இனிமே நாம வர வேணாம்" என்றாள். "அவளுக்குத் தோணுச்சின்னா அவளே போன் பண்ணுவா."

பண்ணுவாள் என்று மாயா சொன்னாள்.