ஒரே கண்ணாடியில் இரண்டு நெற்றிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு துடைக்கும் துணியில். ஜப்பானின் ஹகாத்தா துறைமுகத்தில் நிற்கும் சிவப்புக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு வரவேற்பு வேலை. மேலே பார்வைத் தளத்தின் கண்ணாடிகளைத் துடைப்பதும் நான்தான். கைத்தடம், மூக்குத்தடம், நெற்றித்தடம் எல்லாம் எனக்கு அத்துப்படி.

மார்ச் கடைசி நாள் காலையில் ஓர் அம்மாள் வந்து, இக்கித் தீவுக்குப் போகும் கப்பல் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டுவிட்டு லிஃப்டில் ஏறினார். ஐந்து நிமிடம் கழித்து ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் கையில் மஞ்சள் காகித நாடாச் சுருள் ஒன்று இருந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பின் இருவரும் ஒரே லிஃப்டில் இறங்கினார்கள். நான் துணியோடு மேலே போனேன். முதல் கண்ணாடியில் தாழ்வாக ஒரு நெற்றித்தடம். நான்காவதில் உயரமாக இன்னொன்று. துறைமுகத்தின் வாய் தெரியும் கடைசிக் கண்ணாடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் புளுகு.

2

கடல் அன்று நீலமாக

(என்றைக்குத்தான் நீலமாக இல்லை? வேண்டாம்.)

விவாகரத்தாகி ஆறு ஆண்டுகள் கழித்து மிட்சுயோவும் குனியோவும் எழுபது மீட்டர் உயரத்தில்

(இது செய்தித்தாள்.)

"துறைக்கு ரெண்டு பேருமே வராதீங்க" என்று மிஹோ சொல்லியிருந்தாள்.

இது தேறும். மிஹோ அவர்களுடைய ஒரே மகள். நாளைக்குத் தீவின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர வேண்டும்.* அவளுடைய பட்டமளிப்பு நாளில், மதியச் சாப்பாட்டுக்கு அவளை யார் அழைத்துப் போவது என்று பெற்றோர் இருவரும் பல்கலைக்கழக வாசலிலேயே கத்திச் சண்டை போட்டார்கள். அவள் ரயில் நிலையத்தில் தனியாக ஒரு சோற்று உருண்டை வாங்கித் தின்றாள். அதனால்தான் இந்தத் தடை.

இருவரும் சொல்பேச்சுக் கேட்டுத் துறைக்குப் போகவில்லை. கோபுரம் துறை இல்லையே! எங்கள் ஊரில் யாரும் விதியை மீற மாட்டோம், அதன் ஓரமாக நடந்து போவோம்.

* ஏன் ஆசிரியை என்றால், அந்த வாரம் தீவுக் கப்பலில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இடமாற்றம் வாங்கிய ஆசிரியர்கள்தான்.

3

(பெயர் வைத்ததும் என் எழுத்தில் மரியாதை போய்விட்டது. இனி அவள், அவன்தான்.)

"நீங்களா!"

"நீயா!"

(வேறு என்னதான் சொல்வார்கள்? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.)

"அவதான் வரவேண்டாம்னு சொன்னாள்ல?" என்றாள் மிட்சுயோ.

"துறைக்குத்தான வரவேண்டாம்னா? உன்ன மட்டும் கோபுரத்துக்கு வாம்மான்னு கூப்பிட்டாளா?"

"நான் கடல் பாக்க வந்தேன்."

"அம்பது வருஷமா இந்த ஊர்லயே கெடக்குற. இன்னிக்குத்தான் கடல் கண்ணுல பட்டுச்சாக்கும்!"

அவள் அவன் கையைப் பார்த்தாள். "இந்தக் கண்ணாடி திறக்காது, தெரியும்ல? நாடாவ எங்க வீசப் போறீங்க?"

"வழியனுப்ப வெறுங்கையோட எப்படி வர்றது? கால் தானா கடைக்குப் போயிடுச்சு."

வழியனுப்பும்போது கப்பலில் போகிறவர் நாடாவின் ஒரு முனையையும் கரையில் நிற்பவர் மறுமுனையையும் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். நாடா தானாக அறுகிறவரை யாரும் கையை விடுவதில்லை. அதனால் இங்கே ஆளுக்கொரு முனையைக் கொடுத்து இவர்களை நிற்கவைத்து எழுதினேன். ரொம்ப அழகாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். சுருளைப் பிரிக்காமல் குனியோ கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

4

குனியோவை நல்லவனாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். முதல் வரைவில் அவன் குடிகாரன், மகளின் பிறந்த நாளை மறப்பவன். ஆனால் அப்படிப்பட்டவனுக்குக் கப்பல் நேரம் எப்படித் தெரியும்? அதனால் குடியை நிறுத்திவிட்டேன். இப்போது அவன் வெறும் பிடிவாதக்காரன். மிட்சுயோவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். எதனால் பிரிந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து நீங்கள்தான் என்ன செய்யப் போகிறீர்கள்?

5

கப்பல் ஊதியது. அதன் மேல்தளத்தின் கம்பி ஓரம் முழுக்க ஆசிரியர்கள். சிவப்பும் பச்சையுமாக நாடாக்கள் கரைக்கு இறங்கின. நடுவில் சாம்பல் கோட்டில் மிஹோ.

"அவ கையில ஒண்ணுமே இல்ல" என்றாள் மிட்சுயோ.

குனியோ கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சுருளைப் பிடித்துக்கொண்டான். (இதை எழுதியதும் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன்.)

"அவதான வராதீங்கன்னா..." என்று கடைசியில் இழுத்தான்.

"சொன்னா கேட்டுடுவமா? என்னிக்கு அவ பேச்சக் கேட்டோம்? கேக்கக் கூடாத அன்னிக்குப் பாத்துக் கேட்டுத் தொலைச்சிருக்கோம்."

கப்பல் நகர்ந்தது. அவளுக்கு ஒரு கண்ணாடி, அவனுக்கு ஒரு கண்ணாடி என்று இருவரும் கப்பலோடு தளத்தைச் சுற்றி வந்தார்கள். துறைமுகத்தின் வாய் கடைசிக் கண்ணாடியில் மட்டும்தான் தெரியும். இருவரும் அதில் நெற்றியை வைத்தார்கள். சமாதானமெல்லாம் ஒன்றுமில்லை, வேறு கண்ணாடி இல்லை.

6

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். கீழே இறங்கியதும் நாடாச் சுருள்காரர் அம்மாளின் அலைபேசியோடு என்னிடம் வந்து, "ஏம்மா, ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுங்களா?" என்று கேட்டார். இது புளுகில்லை. வெளியே, கோபுரம் பின்னால் தெரிய நின்றார்கள். நடுவில் இன்னொருவர் நிற்கலாம் போல இடம். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன். அரையடி நெருங்கினார்கள். எடுத்தேன்.

பிறகு என் காதில் விழுந்தது இது:

"நீ அனுப்பு" என்றார் அவர்.

"நாம வந்தது தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே."

"சண்ட போடாம நின்னோம்னா நம்புவாளா?"

"அதான் போட்டோ இருக்குல்ல."

இருவரும் கடலோரப் பலகையில் போய் உட்கார்ந்தார்கள். அதற்குள் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டது. நான் தலை நிமிர்ந்தபோது பலகை காலி.

அனுப்பவில்லை என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அதைக் கிழித்த வேகத்தில் நகம் உடைந்தது. இன்னொன்றில் இருவருக்கும் மறுபடி கல்யாணம் செய்துவைத்து, இரண்டு நாள் கழித்து நானே பிரித்துவிட்டேன். அவ்வளவு தேவையில்லை. வரும் கோடையில் இருவரும் ஒரே கப்பலில் மகளைப் பார்க்கப் போனால் போதும்.

அதற்கு இந்தப் படம் போய்ச் சேர வேண்டும். இவளானால் அவன் அழுத்தட்டும் என்கிறாள், அவனானால் இவள் அழுத்தட்டும் என்கிறான். என் பேனாவால் இவர்களைத் தள்ள முடியவில்லை. என் கதையில் இருவரும் இன்னும் பலகையில்தான், நடுவில் அலைபேசி இருக்கிறது. படம் திறந்திருக்கிறது, மிஹோவின் பெயரும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. நீங்களே அழுத்திவிடுங்கள். கரையை விட்டு ரொம்ப தூரம் போனால் சிக்னல் இருக்காது. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் மேல்தளத்தில், கரையைப் பார்த்தபடி நிற்கிறாள்.