எந்தப் பக்கத்து மரபணு

1

இந்தக் கதையை என் சிநேகிதி முனவ்வராவின் தலையில் கட்டலாம். சிறுவர் கிளினிக்கில் தாதியாக இருக்கிறவள். பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்காமல், கவனம் சிதறித் திரியும் ஏ.டி.எச்.டி.க்கும் நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை அனுப்பினாள்.* "இதுல ஒரு லவ் ஸ்டோரி எழுது பாப்பம்" என்றாள்.

* இருக்கலாம், அவ்வளவுதான். நான் காதல் கதை எழுதுகிறவள். என்னை நம்பி மருந்து குடிக்காதீர்கள்.

2

கற்பிட்டிக் கடலின் மேல் நிலா மெல்ல

(வேண்டாம். இது காலை ஏழு மணிக்கு நடக்கிற கதை.)

நுரைச்சோலை ஷஃபீனாவுக்கு எட்டு வயது. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். இன்று சனிக்கிழமை. புத்தளம் கிளினிக்கில் காட்டிக் கடிதம் கொண்டுவராவிட்டால் திங்கட்கிழமை வகுப்பில் எடுக்கமாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். உம்மா றுஷ்னாவும் வாப்பா நிஸாரும் விரும்பிக் கட்டியவர்கள். ஆனால் இருவரும் வாசலைத் தாண்டவில்லை. கூட்டிப் போகிறவரின் குடும்பப் பக்கத்தில்தான் பழுது என்று ஆகிவிடுமாம்.

3

கட்டுரையை நிஸாரின் போனுக்கு அனுப்பினேன். என் கதை, அனுப்பலாம்.

"பாத்தியா, நோயெதிர்ப்பாம். ஒன்ட வாப்பாக்குத்தானே மூச்சிழுப்பு! மழை மூட்டம் கண்டாலே பம்ப் அடிக்கிறவர்."

"ஒங்கட உம்மா மட்டும்? சோறு திங்க உக்காந்தா நாலு தரம் எழும்புவா!"

"உம்மாவ இழுக்காத!"

"மச்சான், எங்கட வாப்பா ஆரு? ஒங்கட உம்மாட சொந்த நானா!"

(நானா என்றால் அண்ணன்.) நிஸார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் கதைகளில் மச்சானும் மச்சியும்தான் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் இவர்களையும் கட்டிவைத்துவிட்டு, பக்கம் பிரித்துச் சண்டைக்கு விட்டிருக்கிறேன். அண்ணன் தங்கை இரத்தத்தில் எங்கே கோடு போடுவது? பேசாமல் இவர்களை அந்நியர்களாக மாற்றி

"என்ன தாத்தா," றுஷ்னா என் பக்கம் திரும்பினாள். (எங்களிடம் தாத்தா என்றால் அக்கா.) "கட்டிவெச்சதும் நீங்க. இப்ப அழிக்கப் பாக்கிறீங்களா?"

4

முடிவு அ: இருவரும் சேர்ந்து போகிறார்கள். பஸ்ஸில் கை கோக்கிறார்கள். இது என் வழக்கமான வாசகிகளுக்கு.

முடிவு ஆ: ஒருவரும் போகவில்லை. திங்கட்கிழமை ஷஃபீனா

இதற்கெல்லாம் ஷஃபீனா காத்திருக்கவில்லை. புத்தளம் பஸ்ஸில் ஏறி, உங்களுக்குப் பக்கத்து சீட்டில் முழங்காலில் நின்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறாள். பஸ் நகர்கிறது.

"உம்மா வாப்பா எங்க மகள்?" என்கிறார் கொண்டக்டர்.

"அந்தா, ஓடி வாறாங்க!"

இருவரும்தான் ஓடி வருகிறார்கள். யார் முன்னால் என்று நான் எழுதமாட்டேன். பஸ்ஸை நிறுத்தும் பெல்லுக்குக் கிட்ட இருப்பது நீங்கள்தான்.