ஆளில்லாத ஸ்லிப்

இப்போதெல்லாம் வசவுக்குத்தான் கைதட்டல். டிவியில் ஸ்டம்ப் மைக்கில் எவனாவது கெட்ட வார்த்தை சொன்னால், அதைத் திரும்பத் திரும்பப் போட்டு வீடே உட்கார்ந்து சிரிக்கிறது. கேட்டால், கிரிக்கெட்டில் இதெல்லாம் சகஜமாம். இதையே தெருவில் என்னிடம் சொல்லிப் பார்க்கட்டும், செருப்பு பேசும்.

ஹைதராபாத் சனத்நகரில் லேத் ஓட்டி ஓய்ந்த நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் எங்கள் சனத்நகர் அணியின் கேப்டன் சாய்குமார் வாயைத் திறந்தால் காதைக் கொடுத்துவிடுவேன். கீப்பரை ஒட்டி ஸ்லிப்பில் நின்றுகொண்டு அவன் பேசுவதைக் கேட்கவே கீப்பருக்குப் பின்னால், வேலியோரமாக உட்காருவேன். சின்ன மைதானம், எல்லாம் காதில் விழும்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. யார் யாரைக் கேலி செய்தாரோ, ஆட்டம் முடிந்ததும் அவரே அந்த ஆளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்கிக் குடித்தால் அது விளையாட்டு. வாங்காவிட்டால் அது வசவு.

போன மாதம் மௌலா அலி மைதானத்தில் ஃபைனல், அங்கேயும் வேலியோரம்தான் நான். கோப்பையை எங்கள் அணி ஒருமுறைகூடத் தொட்டதில்லை. எதிரே உப்பல் அணி. கடைசி ஜோடி நிற்கிறது, அவர்களுக்கு இன்னும் மூன்று ரன் வேண்டும். மட்டை பிடித்தவன் ஹர்ஷா. ஒரு பந்துக்கு மட்டையைக் காற்றில் வீசிக் கோட்டை விட்டான்.

உன் மட்டை பாதி வழியில் அமீர்பேட்டிலேயே இறங்கிவிட்டது, பந்து மட்டும் மெட்ரோவில் உப்பல் போய்விட்டது என்று சாய்குமார் ஹைதராபாத் இந்தியில் சொன்னான். ஹர்ஷாவும் விடவில்லை. ஹவ் அண்ணா, ஆமாம், மட்டைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றான். அம்பயரே சிரித்துவிட்டார்.

கீப்பர் வெங்கட்டுக்கு அது பொறுக்கவில்லை. சேலத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். தெலுங்கு ஊரில் தமிழ் யாருக்குப் புரியப் போகிறது என்ற நினைப்பு. ஹர்ஷாவின் அம்மாவைப் பற்றித் தமிழில் ஒன்று சொன்னான். அதை நான் எழுத மாட்டேன்.

ஹர்ஷா மட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினான். தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான்:

"எங்க வீட்டுல தமிழ்தான். பாட்டன் காலத்துலருந்து செகந்திராபாத். அம்மா அங்கதான் உக்காந்திருக்கு."

ஸ்கோர்போர்டு நிழலில் டிபன் பையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

வெங்கட்டின் முகம் செத்துவிட்டது. "சும்மா விளையாட்டுக்குத்தான்ணே. அவனுக்குப் புரியாதுன்னு நெனச்சேன்" என்று சாய்குமாரைப் பார்த்தான்.

"புரியாதவன்கிட்டப் பேசினா அது என்னடா விளையாட்டு? அவன் திருப்பி ஒண்ணு சொல்லணும், நீ வாங்கிக்கணும். கையுறையக் கழட்டு."

சாய்குமார் அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கையுறையைத் தானே மாட்டிக்கொண்டான். மாற்றாளை இறக்கச் சொல்லி உப்பல் கேப்டனே வந்து சொல்லியும் கேட்கவில்லை. பத்துப் பேர்தான். ஸ்லிப்பில் ஆளே இல்லை. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இப்படிச் செய்ய எவனுக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்காது.

அதோடும் விடவில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் குனியுமுன் ஹர்ஷாவிடம் தன்மையாகக் கேட்டான்: "பேசலாமா, வேணாமா?"

ஹர்ஷா மறுபடி மட்டையை ஊன்றினான். "பேசுங்கண்ணா."

"அப்ப சரி. டிக்கெட் எடுத்தாச்சா?"

ஹர்ஷாவின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, சாய்குமார் எப்போதும் நிற்கிற இடத்தில் இடுப்பளவு உயரத்தில் பறந்தது. அங்கே புல்தான் இருந்தது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. கோப்பை உப்பலுக்குப் போனது.

டீ வந்தது. சாய்குமார் கொண்டுபோன டம்ளரை ஹர்ஷா வாங்கி, பேசிக்கொண்டே குடித்தான். பின்னாலேயே வெங்கட் ஒரு டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றான். ஹர்ஷா கை நீட்டவில்லை. வாங்கிக்கோ என்று சாய்குமாரும் சொல்லவில்லை. டீயில் ஆடை படிந்தது. வெங்கட் அழுதேவிட்டான்.

பையன் திருந்திட்டான் மாமா, இனி அப்படிப் பேச மாட்டான் என்று சாய்குமார் என்னிடம் வந்து சொன்னான். தோற்றவன் முகமாகவே இல்லை அது. இவனைப் போல் ஒருத்தனை நான் பார்த்ததில்லை. அதற்காக அவன் சொல்வதையெல்லாம் நம்ப முடியுமா? மாட்டிக்கொண்டவன் அழுவான். தமிழ் தெரியாதவன் ஒருத்தன் நாளைக்கு மட்டை பிடிக்கட்டும், அப்போது பார்க்கலாம்.

ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க என்றான். நக்கோ, எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.