ஆவியின் சூடும் குழாயின் சூடும்

என் கணக்கு முடிவதற்குள் குழாய்கள் வந்து இறங்கிவிட்டன. சத்தம் கேட்டு வெளியே போனேன். புது வண்டி வாங்கியவர் மாதிரி என் கணவர் அந்த அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"எப்படி டியூப்பு?" என்றார்.

வெர்னியரை வைத்துத் தடிமனைப் பார்த்தேன். "எந்த சூட்டுக்குப் பாத்து வாங்குனீங்க?"

"ஆவி சூட்டுக்குத்தான். வேற எதுக்குப் பாப்பாங்க?"

இன்னொரு குழாயையும் அளந்தேன். அதுவும் மெல்லிசுதான்.

எங்களுடையது பாய்லர் செய்யும் பட்டறை. மாமனார் முதலாளி. சரக்கு வாங்குவதும் வேலை வாங்குவதும் என் கணவர். வடிவமைப்பு நான், வெல்டர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கணக்கம்மா. ஒரு குழாய் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, அந்த இரும்பின்மேல் எவ்வளவு சுமை, அதாவது ஸ்ட்ரெஸ், ஏற்றலாம் என்பதை விதிப்புத்தகத்தின் அட்டவணையில் பார்க்க வேண்டும். சூடு ஏற ஏற அந்த எண் இறங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் தடாலென்று விழும். எந்தச் சூடு என்பதில்தான் ஆட்கள் வழுக்குவார்கள். உள்ளே ஓடும் ஆவியைவிட வெளியே நெருப்பில் நிற்கும் குழாய்க்குச் சூடு அதிகம். பார்க்க வேண்டியது குழாயின் சூட்டை. இவர் ஆவியின் சூட்டைப் பார்த்து, வேண்டியதைவிட ஒரு நகத்தின் கனம் குறைவான குழாய்களை வாங்கி வந்து நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாமாவின் அறைக்குப் போனோம். ஆபீஸில் சார் என்று கூப்பிடு என்பார். கூப்பிட்டால், என்னம்மா திடீர் மரியாதை என்பார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு குழாய் செய்த மில்லிலிருந்து வந்த சோதனை சர்ட்டிபிகேட்டை என் பக்கம் தள்ளினார்.

"இதப் பாரும்மா. டேபிள்ல இருக்கறது எல்லா இரும்புக்கும் பொதுவாப் போட்டது. நம்ம சரக்கு அதவிட எவ்வளவு ஸ்ட்ராங்கு! இந்த நம்பரையே வெச்சுக் கணக்கு போடு. சரியா வந்துரும்."

"அது குளிர்ந்த இரும்ப ஒரு நிமிஷம் இழுத்துப் பாத்த நம்பர் மாமா. இது வருஷக்கணக்குல நெருப்புல நிக்கப் போகுது. கொஞ்சம் கொஞ்சமா ஊதிக்கிட்டே வந்து ஒருநாள் கிழிஞ்சுரும்."

"அதெல்லாம் தாங்கும்மா."

தாங்கும். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னைப் பற்றி அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை அதுதான். அடுப்பையும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தபோது, அவ தாங்குவா என்றார்கள். மாமியார் கால் முறிந்து படுத்தபோதும் அதையே சொன்னார்கள். தாங்கினேன். ஒருத்தி தாங்கிவிட்டால், எவ்வளவு ஏற்றலாம் என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. அந்த அட்டவணை கேட்கிறது. அதனால்தான் அதன்மேல் எனக்கு இத்தனை பிரியம். எவ்வளவு தாங்கும் என்பது ஒரு எண். எவ்வளவு ஏற்றலாம் என்பது அதைவிடச் சின்னதாக இன்னொரு எண். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் பாய்லர் ஓட்டுகிற ஆள் நின்று வேலை பார்க்கிறார்.

"தாங்குமாங்கறது இல்ல மாமா கேள்வி. ஏத்தலாமாங்கறதுதான். ஏத்தக் கூடாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ போட வேண்டாம். அவன் போடுவான்." மகனைப் பார்த்தார். "மத்தியானமே வெட்ட ஆரம்பிச்சுருங்கடா. ஊரு உலகத்துல எவனும் பண்ணாததையா பண்றோம்?"

இவர் சர்ட்டிபிகேட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெட்டி வளைத்து வெல்டு வைத்து உள்ளே போய்விட்டால், எது எந்தக் குழாய் என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

நேராக ஸ்டோருக்குப் போய்ச் சிவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். எங்கள் பட்டறையில் சிவப்பு அடித்துக் கழித்த சரக்கை யாரும் தொடமாட்டார்கள், ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். முதல் குழாயின் முனையில் ஒரு பட்டை இழுத்தேன். வெல்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த குழாய்க்குப் போகும்போது இவர் ஓடி வந்தார்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கறியா?"

"போற மானம் நம்ம பட்டறைக்குள்ளயே போகட்டும்ங்க."

அடிப்பாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் ஈரமான சிவப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு, யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோல் சொன்னார்:

"ஒரு முனைல மட்டும் அடிச்சா, பசங்க அந்தப் பக்கத்துலருந்து வெட்டி எடுத்துருவாங்க."

குனிந்து குழாயைத் தூக்கி, மறுமுனை என் பக்கம் வரும்படி திருப்பினார்.

"அந்த பெயிண்ட கீழ வை." மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "டேய், உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

இவர் குழாயைக் கீழே விடவில்லை. நான் பிரஷ்ஷை டப்பாவில் நன்றாக முக்கி, அவர் பிடித்திருந்த முனையில் வைத்தேன். சிவப்பு வழிந்து அவர் விரல்களுக்குள் இறங்கியது.