பஞ்சு ஒட்டகத்தின் கயிறு

நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அதுவரை டீச்சரம்மா சாவியைக் கொடுத்திருக்கவில்லை.

மொட்டைமாடி அறையின் சாவி அது. அங்கேதான் தினமும் சாயங்காலம் நாலரைக்கு அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அவள் ஓதிக்கொடுத்து வந்தாள். இன்று வகுப்பு தொடங்குமுன்பே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹாஜியார் வந்து நின்றுவிட்டார்.

"கீழ ஆபீசுக்கு வாம்மா. சாவிய வச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. குர்ஆன் ஓதுற எடத்துல பொம்மை வச்சு விளையாட்டா?"

பொம்மை என்றது ஒட்டகத்தை. தலையணை உறையில் பஞ்சடைத்து டீச்சரம்மாவே தைத்தது. கயிறு மட்டும் அசல். துணி காயப்போடும் நைலான் கயிறு. தினமும் ஒரு பிள்ளை முறைவைத்து அதை ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். மற்றவர்கள் முடிச்சை இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில், "கட்டியாச்சு. இனி அல்லாஹ் பொறுப்பு." 'முதல்ல ஒட்டகத்தக் கட்டு, அப்புறம் அல்லாஹ்வ நம்பு' என்ற நபிமொழிக்கான பாடம் அது. அதற்கப்புறம்தான் ஓதல்.

உண்மையில் ஹாஜியாருக்கு உறுத்தியது ஒட்டகமல்ல. போன வாரம் வகுப்புக்கு வந்து, "அல்லாஹ்வ நம்புறவன் எதையும் பூட்டி வைக்கத் தேவையில்ல" என்று முழங்கினார். ஏழு வயது எறும்பு எழுந்து, "அப்ப உங்க ஸ்கூட்டருக்கு ஏன் ரெண்டு பூட்டு?" என்று கேட்டுவிட்டாள். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

வகுப்பு நின்றதால் அவளும் லிஃப்டில் கூடவே வந்திருந்தாள்; இப்போதும் ஒட்டகம் அவள் கக்கத்தில்தான் இருந்தது. பக்கத்தில் பெரிசு, சிறுசு என்று இரண்டு தம்பிமார்.

விளக்கு அணைந்தது. சிறுசு விசும்பினான்.

டீச்சரம்மா பகலில் லிஃப்ட் கம்பெனியில் புகார் ஃபோன் எடுப்பவள். எட்டு வருஷமாக ஒரே பல்லவி: "கதவைத் தொடாதீங்க, மணிய அடிங்க, ஆள் வரும்." இதுவரை தானே மாட்டியதில்லை. ஆனாலும் விரல் மணியை அழுத்தியது.

கீழேயிருந்து காவல்காரர் கத்தினார். "கரண்ட் போயிருச்சு. மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு. அரை மணி நேரம் பொறுங்க."

ஹாஜியாருக்குப் பொறுமை ஏது? கம்பிக்கதவை இழுத்துத் திறந்தார். கையை நீட்டி மாடிக்கதவின் கொண்டியையும் தட்டிவிட்டார். இடுப்பளவுக்குக் கீழே மூன்றாவது மாடி நடை தெரிந்தது.

"இறங்காதீங்க ஹாஜியார். லிஃப்டுக்கு அடியில பள்ளம் வாயைப் பொளந்துட்டு நிக்குது."

"நம்பிக்கையப் பத்திப் பாடம் நடத்துற, உனக்கே நம்பிக்கை இல்லையே. பிஸ்மில்லாஹ்ன்னு கால வச்சா அவன் காப்பாத்த மாட்டானா?"

"காப்பாத்தத்தான் அந்த மணிய வச்சிருக்கான். உங்களுக்கு மூளையும் வச்சிருக்கான்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, இலக்குப் பார்த்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எறும்பு. ஒட்டகத்தின் கழுத்திலிருந்து கயிறு கழன்றிருந்தது. ஒரு முனை ஹாஜியாரின் அகல பெல்ட்டுக்குள் நுழைந்தது. மறுமுனை கைப்பிடிக் குழாயைச் சுற்றியது.

டீச்சரம்மா பார்த்தாள். தடுக்கவில்லை. முடிச்சை மட்டும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

ஹாஜியார் நழுவினார். கால் நடையின் விளிம்பைத் தொட்டது, வழுக்கியது. உடம்பு பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. ஒரு செருப்பு கழன்று இருட்டுக்குள் போனது.

ஒன்று. இரண்டு. பிறகுதான் அது தரையில் விழுந்த சத்தம்.

கயிறு விண்ணென்று நின்றது. கொக்கியில் மாட்டிய மூட்டை போல ஹாஜியார் பாதி உள்ளே, பாதி வெளியே. டீச்சரம்மா அவர் தோளைப் பிடித்தாள், பிள்ளைகள் சட்டையைப் பிடித்தார்கள். இழுத்த இழுப்பில் உள்ளே வந்து விழுந்தார். டீச்சரம்மா கதவைச் சாத்தினாள்.

ஹாஜியாரின் கை இடுப்பைத் தடவியது, கயிற்றில் தட்டியது.

"எவ கட்டுனது?"

"நாந்தான்," என்றாள் எறும்பு. "இன்னிக்கு என் முறை."

"அவுத்து விடு."

எறும்பு டீச்சரம்மாவைப் பார்த்தாள்.

"மெக்கானிக் வரட்டும்," என்றாள் டீச்சரம்மா.

சிறுசு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவரப் பிடிச்சது அல்லாஹ்வா, கயிறா?" என்றான்.

"அல்லாஹ்தான்டா," என்றாள் டீச்சரம்மா. "கயித்தக் கட்டணும்னு இவளுக்குத் தோண வச்சதும் அவன்தான்."

"நாம இனி என்ன பண்ணணும்?"

"நம்ம கையில இருந்தத பண்ணியாச்சு. இனி பயப்படறது நம்ம வேலையில்ல." டீச்சரம்மா சிறுசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "அந்தச் சாவி..."

"தர மாட்டேன். சங்கத்தக் கூட்டுங்க, வரேன். இந்த மூணு பேரையும் கூட்டிட்டு வரேன். ஒத்தச் செருப்பு எங்க போச்சுன்னு சபையில சொல்லட்டும். நாளைக்கு நாலரைக்கு வகுப்பு உண்டு."

அவர் கண் காலுக்குப் போனது. செருப்பில்லாத காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

டீச்சரம்மா இருட்டிலேயே ஓதத் தொடங்கினாள். மூன்று குரல்கள் கூடவே வந்தன.

அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் டார்ச்சோடு எட்டிப் பார்த்தான். வெளிச்சம் கயிற்றில் ஊர்ந்து பெல்ட்டில் போய் நின்றது.

"யாரும்மா இது? ஏன் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"ஒட்டகம்," என்றாள் எறும்பு.